கடலை வீட்டுக்குள் கொண்டு வந்த குமாஸ்தா

பெரிய ஓட்டல்களின் முகப்பில் பார்த்திருப்பீர்கள். வசதி படைத்தவர்கள் வீட்டு வரவேற்பு அறையிலும் பார்த்திருப்பீர்கள். நீளமான கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர். பவளப் பாறை போல ஓர் அமைப்பு. அதன் இடுக்கில் இருந்து நீண்ட வெள்ளை மீசையை ஆட்டிக் கொண்டு ஓர் இறால் எட்டிப் பார்க்கும். உடம்பு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும்.

நமக்கெல்லாம் இறால் என்றால் குழம்பு ஞாபகம்தான் வரும். அதை உயிரோடு வைத்து, மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் காப்பாற்றிப் பார்ப்பது ஒரு தனிக் கலை. அந்தக் கலைக்கு வழி காட்டிய முன்னோடிகளில் முக்கியமானவர் ஒருவர் உண்டு. அவர் பெரிய பணக்காரர் அல்ல. கல்லூரிப் பக்கம் போனவரும் அல்ல. 15 வயதில் கணக்குப் புத்தகம் எழுத உட்கார்ந்த ஒரு குமாஸ்தா!

அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ். மீன் தொட்டிக்கு `அக்வேரியம்' என்ற பெயரை உலகம் முழுவதும் பரப்பியவர் அவரே.

ஓவியரின் மகன்

1810-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ந் தேதி இங்கிலாந்து நாட்டில் வொர்செஸ்டர் நகரில் காஸ் பிறந்தார். தந்தை தாமஸ் காஸ் ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப் படங்கள் வரைந்து பிழைத்தவர். வருமானம் நிலையாக இல்லை. குடும்பம் தெற்குக் கடற்கரையில் உள்ள பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது.

தந்தை தூரிகையோடு ஊர் சுற்றினார். மகன் கடற்கரையைச் சுற்றினான். அவனுக்கு முதல் ஆசிரியை அவனுடைய அத்தை. பூச்சிகள் எப்படி உருமாறுகின்றன, பாறைக் குழிகளில் என்னென்ன உயிர்கள் ஒளிந்திருக்கின்றன என்று அத்தை சொல்லிக் கொடுத்தார். கடல் சாமந்தியைப் பாத்திரத்தில் கடல் நீர் வைத்து உயிரோடு வளர்த்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அந்த அத்தை கொடுத்ததுதான்.

அந்த அத்தையின் மகன் தாமஸ் பெல், லண்டனில் பல் வைத்தியர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் நண்டு, இறால் இனங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அத்தையும் அத்தை மகனும் போட்ட விதைதான் காஸின் வாழ்க்கையில் மரமாக வளர்ந்தது.

கப்பல் ஏறிய குமாஸ்தா

வீட்டில் வறுமை. 15 வயதில் பூல் நகரில் ஒரு வியாபாரக் கம்பெனியின் கணக்கு அறையில் காஸ் வேலைக்குச் சேர்ந்தார். 1827-ம் ஆண்டு 17 வயதில் கப்பல் ஏறினார். கனடாவை ஒட்டிய நியூபவுண்ட்லாந்து தீவில் மீன் வியாபாரமும் சீல் தோல் வியாபாரமும் செய்த ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. குளிரும் பனியும் நிறைந்த அந்த இடத்தில் 8 ஆண்டுகள் ஓடின.

பகல் முழுவதும் பற்று வரவு. மற்ற நேரத்தில் என்ன செய்வது? கூட இருந்தவர்கள் சீட்டாடினாலும் புகை பிடித்தாலும் இவர் பூச்சி பிடித்தார். 1832-ம் ஆண்டு மைக்ராஸ்கோப் பற்றிய ஒரு பழைய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அன்று முதல் அவர் வேறு மனிதர். தீவில் கிடைத்த பூச்சிகளை எல்லாம் சேகரித்தார். தந்தையிடம் கற்ற ஓவியக் கலையால் ஒவ்வொன்றையும் நுணுக்கமாக வரைந்தார்.

அதே 1832-ம் ஆண்டில் அவருடைய மனதில் ஆழமான கடவுள் பக்தியும் குடியேறியது. இந்த இரண்டும் - உயிரினங்கள் மீது ஆசை, வேதத்தின் மீது நம்பிக்கை - கடைசி வரை அவரை விடவில்லை. பின்னால் இந்த இரண்டுமே அவரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன.

அலைந்த ஆண்டுகள்

1835-ல் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுக் கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். மூன்று ஆண்டுகள் பாடுபட்டும் கையில் காசு தங்கவில்லை. 1838-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக்குப் போய்ப் பருத்தித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அங்கே நீக்ரோ அடிமைகள் பட்ட பாட்டைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதத்தில் கிளம்பி விட்டார்.

1839-ல் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது அவருக்கு 28 வயது. பையில் பணம் இல்லை. ஒரு கையெழுத்துப் பிரதி மட்டும் இருந்தது. கனடாவின் இயற்கையைப் பற்றிக் கப்பலில் வரும்போது எழுதியது. லண்டனில் ஒரு பரண் அறையில் குடி இருந்தார். ஒரு கருவாட்டுத் துண்டை வைத்துக் கொண்டு நாளை ஓட்டிய காலம் அது. அத்தை மகன் தாமஸ் பெல் அந்தப் பிரதியை ஒரு பதிப்பாளரிடம் சிபாரிசு செய்தார். பதிப்பாளர் 100 கினி தருவதாகச் சொன்னதும் காஸ் அழுது விட்டாராம். 1840-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது.

அதன் பிறகு பள்ளிக்கூடம் நடத்தினார். 1844-ல் ஜமைக்கா தீவுக்குப் போய் 18 மாதங்கள் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். திரும்பி வந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். 1848-ம் ஆண்டு எமிலி போவ்ஸ் என்ற பெண்மணியைத் திருமணம் செய்து கொண்டார். அவரும் எழுத்தாளர். பக்திப் பிரசுரங்கள் எழுதியவர். 1849 செப்டம்பரில் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில், மகன் பிறந்த செய்தியையும், ஜமைக்காவில் இருந்து ஒரு குருவி வந்து சேர்ந்த செய்தியையும் காஸ் அடுத்தடுத்து எழுதி வைத்தார். அவருடைய குணத்தைக் காட்ட இது ஒன்றே போதும்.

கடற்கரைக்குப் போகச் சொன்ன உடம்பு

இரவு பகலாக எழுதியதில் உடம்பு கெட்டது. 1852-ம் ஆண்டு தொடக்கத்தில் உடல்நலத்துக்காக மனைவி, குழந்தையுடன் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் கடற்கரைக்குப் போனார். அங்கே கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சிறிய உலகம். கடல் சாமந்தி, நட்சத்திர மீன், நண்டு, கண்ணாடி போன்ற இறால். காஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மணிக்கணக்கில் அவற்றைப் பார்ப்பார்.

பார்த்தால் மட்டும் போதுமா? வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆனால் ஜாடியில் போட்ட இறால் இரண்டு நாளில் செத்து நாறியது. அந்தக் காலத்தில் கடல் உயிர்களை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட எல்லோருக்கும் இதே கதிதான். ஏன் சாகிறது? எப்படிக் காப்பாற்றுவது? இதுதான் அன்றைய பெரிய கேள்வி.

தொட்டியின் ரகசியம்

விடை ஒருவரிடம் இருந்து மட்டும் வரவில்லை. அன்னா தின் என்ற சீமாட்டி 1846-ம் ஆண்டு டார்க்கி கடற்கரையில் இருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். கடல் நீரை அடிக்கடி மாற்ற முடியாது. ஆகவே வேலைக்காரப் பெண்ணைச் சன்னலோரம் நிறுத்தி, அந்த நீரைத் தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வைத்தார். நாம் டீ ஆற்றுவது போல! தண்ணீரில் காற்று கலந்தது. பவளங்கள் பிழைத்தன.

ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் இன்னொரு வழி கண்டார். மீன் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை நீர்ச் செடி எடுத்துக் கொள்கிறது. செடி விடும் பிராண வாயுவை மீன் எடுத்துக் கொள்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. மூன்றும் அளவோடு இருந்தால் தண்ணீர் கெடாது. இதை அவர் 1850-ல் லண்டனில் ரசாயன அறிஞர்கள் சபையில் விளக்கினார்.

காஸும் இதே வழியில் கடல் நீரில் சோதனை செய்து கொண்டிருந்தார். கடல் பாசி ஒட்டிய கல்லைப் பெயர்த்து ஜாடியில் வைத்தார். வெயில் பட்டதும் பாசியில் முத்து முத்தாகக் குமிழ் கட்டியது. பிறகு உயிர்களை விட்டார். அவை வாரக் கணக்கில் பிழைத்தன. டெவன் கடற்கரை அனுபவங்களை 1853-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அதே 1853-ம் ஆண்டு மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் `மீன் வீடு' திறக்கப்பட்டது. பொது மக்கள் பார்க்கும்படி உலகத்திலேயே முதல் முதலாக அமைந்த மீன் காட்சி சாலை அதுதான். அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸ் முக்கியமானவர். ரெயில் பாதைகள் பெருகிய காலம் அது. கடற்கரையில் காலையில் பிடித்த உயிர் கெடாமல் லண்டன் போய்ச் சேர ரெயில் உதவியது. கண்ணாடிக்கு இருந்த வரி 1845-ல் நீக்கப்பட்டதால் கண்ணாடித் தொட்டியும் மலிந்தது. காலமும் கூடி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

உப்பு, பேதி உப்பு...

கடலோரம் இருப்பவனுக்குக் கடல் நீர் கிடைக்கும். ஊருக்குள் இருப்பவன் என்ன செய்வான்? 1854-ம் ஆண்டு காஸ் இதற்கும் வழி கண்டார். கடல் நீரில் என்னென்ன உப்பு, எவ்வளவு இருக்கிறது என்று ரசாயன நிபுணர்கள் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தனர். பழைய கணக்குப் பிள்ளை அல்லவா? அந்தக் கணக்கைப் பார்த்துச் சரக்குப் பட்டியல் போட்டார்.

இன்றைய அளவில் சொன்னால், சுமார் நாலரை லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சமையல் உப்பு 100 கிராம், பேதி உப்பு 7 கிராம், மெக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம். அவ்வளவுதான் அவருடைய கடல்! தண்ணீரைக் கலக்கித் தெளிய வைத்தார். எடுத்த எடுப்பில் உயிர்களை விடவில்லை. முதலில் பாசிக் கல்லை வைத்து, ஒரு வாரம் போல ஊற விட்டார். பிறகுதான் உயிர்களை விட்டார்.

இந்தப் பொறுமையின் மதிப்பு இன்றைக்கு நன்றாகப் புரிகிறது. தொட்டியில் உள்ள உயிர்களின் கழிவில் இருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்கிருமிகள்தான் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தக் கிருமிகள் பெருக நாலைந்து வாரமாவது வேண்டும். அதற்கு முன்பு விட்ட இறால் பிழைப்பது அதிர்ஷ்டம். கிருமிகளின் இந்த வேலை 1854-ல் யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்து, அனுபவத்தால் அறிந்து அவர் காத்திருந்தார்.

ஆனால் அவருடைய பட்டியலில் ஒரு குறை உண்டு. சுண்ணாம்புச் சத்து இல்லை. லண்டன் தண்ணீரில் இயற்கையாகவே சுண்ணாம்பு உண்டு என்பதால் சில காலம் ஓடியிருக்கும். இறாலுக்கும் பவளத்துக்கும் அது மட்டும் போதாது. இன்று கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவையில் சுண்ணாம்பும் மற்ற தாதுக்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே காஸின் சரக்குப் பட்டியலை வரலாற்றுக்காகப் படிக்கலாம். தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இறாலின் சட்டை

1854-ம் ஆண்டு `அக்வேரியம்' என்ற பெயரிலேயே காஸின் புத்தகம் வெளிவந்தது. அவர் கையால் வரைந்த வண்ணப் படங்கள் அதில் இருந்தன. ஒரு படத்தில் இறால்கள்! முதுகு கூன் விழுந்த அந்த இறாலுக்கு இங்கிலாந்தில் ஈசாப் பெயரை வைத்திருக்கிறார்கள். கதை சொன்ன ஈசாப் கூன் முதுகர் என்று சொல்வார்கள் அல்லவா? அதனால் வந்த பெயர். புத்தகம் அமோகமாக விற்றது. அதில் காஸுக்கு 900 பவுனுக்கு மேல் கிடைத்தது. ஒரு கருவாட்டில் நாளை ஓட்டியவருக்கு அது பெரிய தொகை.

இறாலை மீன் போல நினைத்து வளர்த்தால் சாகும். காரணம் அதன் சட்டை. இறாலின் எலும்பு உடம்புக்கு வெளியே ஓடாக இருக்கிறது. உள்ளே உடம்பு வளரும், ஓடு வளராது. ஆகவே அவ்வப்போது பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வளர்த்துக் கொள்கிறது. ஓடு கழற்றிய நாளில் அதன் உடம்பு பஞ்சு போல் இருக்கும். பக்கத்தில் உள்ள மீன் ஒரு கடி கடித்தால் தீர்ந்தது. அதனால் அது எங்காவது இடுக்கில் போய் ஒளிந்து கொள்ளும். கழற்றிப் போட்ட ஓடு அச்சாக இறால் போலவே கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இறால் செத்து விட்டது என்று கலங்குவார்கள். மறுநாள் அது மீசையை ஆட்டிக் கொண்டு வெளியே வரும்!

வளர்ப்பவர்கள் கவனிக்க

இன்று பவளத் தொட்டியில் இறால் வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்வோம்.

உப்பின் அளவு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் 1.023-க்கும் 1.026-க்கும் இடையே. சூடு 24 முதல் 26 டிகிரி. அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக் கூடாது. இந்த அளவுகள் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறக் கூடாது. மீன் தாங்கிக் கொள்ளும் மாற்றத்தை இறால் தாங்காது.

கடையில் வாங்கிய இறாலைப் பையோடு தொட்டியில் கவிழ்ப்பது கொலை செய்வது போல. பை நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி, இரண்டு மணி நேரம் சேர்த்துப் பழக்கிய பிறகே விட வேண்டும்.

வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். உப்புத் தண்ணீர் விட்டால் உப்பு ஏறி விடும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடுவதும் தவறு. அதில் உள்ள குளோரினை நீக்கியாக வேண்டும். மும்பையில் இருப்பவர்கள் பக்கத்தில்தானே கடல் என்று குடத்தை எடுத்துக் கொண்டு போக வேண்டாம். நகரத்தின் சாக்கடை அதில் கலக்கிறது. மழைக் காலத்தில் உப்பும் குறைந்து போகும்.

செம்பு இறாலுக்கு எமன். இறாலின் ரத்தத்திலேயே செம்பு உண்டு. ஆனாலும் தண்ணீரில் செம்பு கலந்தால் அது பிழைக்காது. மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகளில் செம்பு இருக்கிறது. அந்த மருந்தை இறால் இருக்கும் தொட்டியில் விடக் கூடாது. நோய் கண்ட மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும். நம் வீட்டுச் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தொட்டி நீரைப் பிடித்து வைப்பதும் ஆபத்து. கொசு மருந்து அடிக்கும்போது தொட்டியை மூட மறந்தால், கொசுவோடு இறாலும் போகும். இரண்டும் தூரத்து உறவு!

ஒளிய இடம் வேண்டும். கல்லை அடுக்கும்போதே இடுக்கும் பொந்தும் இருக்கும்படி அடுக்க வேண்டும். பட்டை போட்ட இறாலைத் தனியாக அல்லது ஆணும் பெண்ணுமாக ஒரு சோடியாக வைக்கலாம். மற்றபடி இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று கொன்று விடும். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் துப்புரவு இறால் சாது. மீனின் வாய்க்குள் நுழைந்து கூட ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும். பெரிய மீன்கள் அதற்காக வாயைத் திறந்து கொண்டு நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

தீனி கொஞ்சமாகப் போட வேண்டும். மிச்சம் அழுகினால் தண்ணீர் கெடும். தண்ணீர் கெட்டால் முதலில் சாவது இறால்தான்.

வீட்டில் விழுந்த இடி

புகழின் உச்சியில் காஸ் நின்றார். 1856-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு முன்னாள் குமாஸ்தாவுக்கு அது பெரிய மரியாதை. அதே ஆண்டில் எமிலிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. மாதக்கணக்கில் வேதனையான வைத்தியம். 1857 பிப்ரவரி 10-ந் தேதி எமிலி இறந்தார். மகனுக்கு 7 வயது.

அந்த ஆண்டிலேயே காஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது என்பது அவர் நம்பிய வேதம். பூமியோ பல லட்சம் ஆண்டுப் பழமையைக் காட்டியது. இரண்டையும் சேர்க்க அவர் ஒரு வழி சொன்னார். முதல் மரத்தைக் கடவுள் படைத்தபோதே அதற்குள் வயதைக் காட்டும் வளையங்கள் இருந்திருக்கும். அது போலப் பாறைக்குள் இருக்கும் பழைய எலும்புகளும் படைக்கும்போதே வைக்கப்பட்டவை என்றார். அறிவியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பக்தர்களும் ஏற்கவில்லை. கடவுள் மனிதனை ஏமாற்றுவாரா என்று நண்பர்களே வருந்தினர். புத்தகம் விலை போகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து டார்வின் நூல் வந்தது. உலகம் வேறு பக்கம் திரும்பி விட்டது.

மனம் உடைந்த காஸ் மகனை அழைத்துக் கொண்டு 1857-ல் டார்க்கி அருகே நிரந்தரமாகக் குடியேறினார். தாய் இல்லாத பிள்ளையும் தந்தையும் பாறைக் குழிகளில் அலைந்தனர். மகன் கண்டெடுத்த ஒரு கடல் சாமந்தி, அதுவரை யாரும் பதிவு செய்யாத புது இனமாக இருந்தது. அந்த அலைச்சலின் பலனாக இங்கிலாந்தின் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெரிய நூல் 1860-ல் முடிந்தது.

காலியான கடற்கரை

இந்த இடத்தில்தான் காஸின் வாழ்க்கையில் பெரிய சோகம் ஒன்று வருகிறது. அவர் புத்தகங்களைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அக்வேரியம் நாடெங்கும் பித்தாகப் பரவியது. சீமான்களும் சீமாட்டிகளும் ரெயில் ஏறிக் கூடையும் ஜாடியும் சுத்தியலுமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். பாறையைப் பெயர்த்தார்கள். அகப்பட்டதை எல்லாம் அள்ளினார்கள். பெரும்பாலானவை தொட்டி போய்ச் சேரும் முன்பே செத்தன. மிச்சமும் வீட்டில் சில நாளில் செத்தன. மறுபடி அள்ள வந்தார்கள்.

சில ஆண்டுகளில் டெவன் கடற்கரைப் பாறைக் குழிகள் பல வெறுமையாகி விட்டன. எதைப் பார்த்து உலகம் மகிழ வேண்டும் என்று காஸ் எழுதினாரோ, அது அவர் எழுத்தாலேயே அழிந்தது. அதைக் கண்ணால் கண்டு அவர் உள்ளம் நொந்தார் என்று மகன் எட்மண்ட் பின்னால் எழுதினார். தந்தையும் மகனுமாக வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி 1907-ல் எட்மண்ட் வெளியிட்ட அந்த நூல் ஆங்கில இலக்கியத்தில் நிலைத்து விட்டது. தந்தையின் மதக் கட்டுப்பாட்டை மகன் ஏற்கவில்லை. ஆனால் பாறைக் குழியின் ஓரம் குனிந்து நின்ற தந்தையை அவரால் மறக்கவும் முடியவில்லை.

கடைசி நாட்கள்

1860-ல் எலைசா பிரைட்வென் என்ற பெண்மணியைக் காஸ் மறுமணம் செய்து கொண்டார். அவர் மகனையும் அன்போடு வளர்த்தார். பிற்காலத்தில் காஸ் ஆர்க்கிட் செடிகள் வளர்த்தார். டார்வினே அவருக்குக் கடிதம் எழுதித் தகவல் கேட்டதுண்டு. கொள்கையில் எதிரெதிர் என்றாலும் காஸின் கண்கள் பார்த்ததை டார்வின் நம்பினார். 76 வயதில், ஒரு சொட்டு நீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து நூல் வெளியிட்டார்.

குளிர் இரவில் தொலைநோக்கி வழியாக நட்சத்திரங்களைப் பார்த்துக் கொண்டு நின்றதில் மார்புச் சளி பிடித்தது. உடம்பு தேறவே இல்லை. 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி 78 வயதில் காஸ் காலமானார். எழுதிய நூல்கள் நாற்பதுக்கும் மேல்.

நம் நாட்டில்

அவர் காட்டிய பாதை நம் நாட்டுக்கும் வந்தது. 1909-ம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. 1951-ல் மும்பை மெரைன் டிரைவில் தாராபோர்வாலா மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. மும்பைத் தமிழர்களில் ஊரில் இருந்து வந்த உறவினரை அங்கே அழைத்துப் போகாதவர்கள் குறைவு.

டெவன் கடற்கரைக்கு நேர்ந்தது நம் கடலுக்கும் நேரக் கூடாது. இறாலும் வண்ண மீன்களும் மன்னார் வளைகுடா, லட்சத்தீவுப் பவளப் பாறைகளில் வாழ்கின்றன. அந்தப் பாறை போனால் அவையும் போகும். 2001-ம் ஆண்டு முதல் நம் கடலில் உள்ள பாறைப் பவளங்கள் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம். கடைக்காரர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. செயற்கைப் பாறையிலும் இறால் நன்றாகவே வாழும். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீரும் ஒளிய ஓர் இடமும்தான்.

தொட்டியில் ஓர் இறால் செத்தால் இன்னொன்று வாங்கிப் போட்டுக் கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. ஒரே இறாலை வைத்து, அது பத்து முறை சட்டை மாற்றும் வரை காப்பாற்றுகிறவர்தான் காஸின் உண்மையான மாணவர்.